அத்தியாயம் 6: ஒரு நேரத்தில் ஒன்றைத் தொடுங்கள்

என்னுடைய பழைய புல்லட் இடது பக்கம் திரும்பினால் நின்றுவிடும். இந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் "வண்டி வழியில் நின்றுவிடுகிறது" என்பதுதான். பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். ஒருவர் பிளக் என்றார், ஒருவர் காயில் என்றார், இன்னொருவர் கண்டன்சர் என்று அடித்துச் சொன்னார். மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினேன். பதினைந்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினாறாம் நாள் செங்கல்பட்டு தாண்டி மறுபடி நின்றது.

செய்த தவறு அந்த ரோட்டோரத்தில்தான் உறைத்தது. மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் எது கெட்டிருந்தது என்று சொல்ல வழியில்லை. எதுவுமே கெடாமலும் இருந்திருக்கலாம். கழற்றிய பழையவற்றைக் காயலான் கடையில் போட்டாயிற்று.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய பட்டறையில் இருந்தவர் வயதானவர். நான் காயில், கண்டன்சர் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நிக்கிற நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? ஏத்தமா, எறக்கமா? எந்த கியர்? நேரா போனீங்களா, திரும்புனீங்களா?" ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலண்ணே" என்றேன். "அப்ப ஒரு நோட்டு போடுங்க. நிக்க நிக்க எழுதுங்க. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். ஸ்பேனரைத் தொடவே இல்லை.

பத்து நாளில் ஆறு குறிப்புகள் சேர்ந்தன. பெட்ரோல் பங்குக்குள் நுழையும்போது நின்றது. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது நின்றது. ரயில்வே கேட் தாண்டி இடது பக்கம் ஒதுங்கும்போது நின்றது. ஆறில் ஐந்து இடது திருப்பம். நோட்டைப் பார்த்தவர் வண்டியைக் கிளப்பி ஐடிலில் விட்டார். ஹேண்டில்பாரை இடது கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்பினார். இன்ஜின் அணைந்தது. நேராக்கிக் கிளப்பினார், கிளம்பியது. திருப்பினார், அணைந்தது.

என் வண்டியில் சாவி சுவிட்ச் ஹெட்லைட் கூட்டில் இருக்கிறது. அங்கிருந்து காயிலுக்கு வரும் ஒயர் ஹேண்டில் கழுத்தருகே ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி நிமிரும். இத்தனை வருடம் மடங்கியதில், மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து இரண்டே இரண்டு மிச்சம் இருந்தன. ஒரு முழம் ஒயரில் வேலை முடிந்தது.

இந்த அத்தியாயத்துக்கு இதுதான் அடிப்படை. பழைய வண்டி மோசமாக ஓடினால் முதலில் அது எப்போது, எப்படி மோசமாக ஓடுகிறது என்று எழுதுங்கள். பிறகு ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகே அடுத்தது.

புல்லட்டை வைத்துச் சொல்வதற்குக் காரணம்

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜின் அடிப்படை மாறாமல் 2010 வாக்கில்தான் நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே அமைப்பு என்பதால் பழைய வண்டிக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது. கை வைக்கத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், கிக்கரில் காலால் உணரலாம். பாயிண்ட் வைத்த எந்தப் பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும், அளவுகள்தான் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

பட்டறைச் சொற்களை நுணுக்கமாகப் பயன்படுத்துங்கள்

"மிஸ் ஆகுது" என்பது வேறு, "இழுக்கலை" என்பது வேறு. மிஸ் ஆகும் வண்டியில் சீரான துடிப்புக்கு நடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகும். இழுக்காத வண்டியில் துடிப்பு சீராக இருக்கும், ஆனால் த்ராட்டிலைத் திறந்தாலும் வேகம் ஏறாது. ஐடிலில் நிற்காத வண்டி, முறுக்கும்போது இருமும் வண்டி, த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் வெடிக்கும் வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. நோட்டில் இந்தச் சொல்லைச் சரியாக எழுதினாலே பாதி தேடல் குறைந்துவிடும். கூடவே இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா என்று கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத குறிப்பு பயன்படாது.

மெக்கானிக்கிடம் போகும்போதும் நோயைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். "கார்பரேட்டர் சரியில்லை" என்றால் அவர் கார்பரேட்டரைக் கழற்றுவார். "மூன்றாம் கியரில், பாதி த்ராட்டிலில், இருபது நிமிடம் ஓடிய பிறகு குதிக்கிறது" என்றால் அவர் யோசிப்பார்.

முதலில் பொறி

ஒரு இன்ஜினுக்கு மூன்று வேண்டும்: நேரத்துக்குப் பொறி, அளவான பெட்ரோலும் காற்றும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன். பழைய வண்டிக்காரர்கள் எடுத்ததும் கார்பரேட்டரைக் கழற்றுகிறார்கள். ஆனால் என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் கோளாறு பாதிக்கு மேல் மின்சாரப் பக்கம்தான் இருந்திருக்கிறது. அதனால் நான் பொறியில்தான் ஆரம்பிப்பேன்.

கையில் நல்லதென்று தெரிந்த பிளக் ஒன்று வைத்திருங்கள். வண்டியில் இருக்கும் பிளக்கை அதன் இடத்திலேயே விட்டு, கேபிளை மட்டும் கழற்றிக் கைப் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து கிக்கரை உதையுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்த ஓட்டைக்கருகே பொறி பார்ப்பது ஆபத்து. ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், தீப்பிடிக்கும். பொறி நீலம் கலந்த வெள்ளையாகச் சுள்ளென்று வர வேண்டும். மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் பேட்டரியைப் பாருங்கள், எர்த்தைப் பாருங்கள், பிறகு பாயிண்டைப் பாருங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடையுங்கள். எர்த் ஒயர் சேசிஸில் சேரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி உலோகம் தெரிய இறுக்குங்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாற்றும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாயிண்ட் இன்ஜினின் வலது பக்கம், டைமிங் கவரில் உள்ள வட்ட மூடிக்குள் இருக்கிறது. அதைத் திறந்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, பாயிண்ட் முழுசாக விரியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே ஃபீலர் கேஜ் விட்டால் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். இலை உரசிக்கொண்டு போக வேண்டும், முட்டி நிற்கக் கூடாது, ஆடவும் கூடாது. முகம் கருத்து, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் மெல்லிய அரத்தால் சமன் செய்து, சுத்தமான கெட்டிக் காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் துகள் ஒன்று நடுவில் ஒட்டிக்கொண்டாலும் வண்டி கிளம்பாது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாயிண்டைத் தள்ளும் கேம் மீது உரசும் குதிகால் நாளாக நாளாகத் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அதாவது டைமிங் தானாகவே பின்னால் போகும். வண்டி இழுக்காது, இன்ஜின் சூடு கூடும். டைமிங்கை யாரும் தொடவில்லையே என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங் பார்க்க வேண்டும். முன்பே பார்த்தால் செய்த வேலை வீண். கேமில் அரிசி அளவு கிரீஸ் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் தெறித்துப் பாயிண்ட் முகத்தில் படும்.

உதைக்கும் முறையும் ஒரு சோதனைதான்

பழைய புல்லட்டின் ஆம்பியர் மீட்டர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சாவி போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடது பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் ஆடவே இல்லை என்றால் மின்சாரம் பாயிண்ட் வரை வரவில்லை, அல்லது பாயிண்ட் மூடுவதில்லை. முள் சாய்ந்தே கிடந்தால் பாயிண்ட் திறப்பதில்லை, அல்லது நடுவில் எங்கோ எர்த் அடிக்கிறது. ஒரு ஸ்பேனரும் எடுக்காமல் இவ்வளவு தெரிந்துவிடும்.

கிளப்பும்போது கம்ப்ரஷன் முட்டும் இடம் வரை கிக்கரை இறக்குங்கள். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும் வரை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, த்ராட்டிலை முறுக்காமல், உடம்பு எடை முழுவதையும் கொடுத்து ஒரே நீள உதை. பலம் வேண்டியதில்லை, நிதானம் போதும். கிக்கர் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது, அல்லது பாயிண்டுக்கு அடியில் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து விரிந்தபடி மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை உதைக்காதீர்கள். கணுக்கால் உடையும். செருப்புக் காலோடு என்றைக்குமே உதைக்காதீர்கள்.

பெட்ரோல் பக்கம்: கைப்பிடியில் ஒரு டேப்

த்ராட்டில் பிடியைச் சுற்றி ஒரு வெள்ளை டேப் ஒட்டுங்கள். மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று ஐந்து கோடு போடுங்கள். பக்கத்தில் அசையாத இடத்தில் ஒரு கோடு. இதற்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது, ஆனால் கார்பரேட்டரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

இந்த வண்டிகளில் பரவலாக இருக்கும் மிக்கார்ப் விஎம் 24 கார்பரேட்டரில் த்ராட்டிலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பாகம் பொறுப்பு. மூடிய நிலையிலிருந்து அரைக்கால் வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். காலிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் வண்டி குதிக்கிறதோ அந்தப் பாகத்தைப் பாருங்கள். ஐடிலில் நிற்காத வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றுவது தலைவலிக்கு முழங்காலில் பற்றுப் போடுவதுதான்.

குதிக்கும் நிலையிலேயே வண்டியைப் பிடித்து வைத்து, சோக் லீவரைப் பாதி திருப்பிப் பாருங்கள். சரியானால் பெட்ரோல் பற்றவில்லை. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். ஊசியில் ஐந்து காடிகள் உண்டு. கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறிப் பெட்ரோல் கூடும். ஒரு காடி மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து கலவை கெட்டியாகும், வெளியே எடுத்தால் மெலியும். இன்ஜின் சூடான பிறகு, ஐடில் வேகம் எந்த இடத்தில் அதிகமாகிறதோ அங்கே அதை விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அதன் துளை மிக நுண்ணிய கணக்கில் செய்தது. ஒரு முறை கம்பி சுரண்டினால் அது வேறு அளவு ஜெட் ஆகிவிடும், மேலே பொறித்த எண் பொய்யாகிவிடும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்து முழு வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று இழுத்தால் எந்தச் சரிப்படுத்தலும் நிற்காது. ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. நட்டை இன்னும் இறுக்கலாம் என்று தோன்றும், இறுக்காதீர்கள். ஏற்கெனவே யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் அந்த முகம் வளைந்திருக்கிறது. கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமன் செய்து, புதுப் பேக்கிங் போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இன்றைய பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தங்கும், இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். இந்தக் கலவைக்காகச் செய்யாத பழைய ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, வெடிக்கும். ஆகவே பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் டேப் வாஷர், ஃப்ளோட் ஊசி மூன்றையும் ஒவ்வொன்றாக, புது வகை ரப்பரில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

சூடானதும் நிற்கும் வண்டி

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. பதினைந்து கிலோமீட்டர் போனதும் மூச்சடைத்து நிற்கிறது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்புகிறது. ஆளை அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு இது, ஏனென்றால் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி நன்றாக இருக்கும். ஆகவே நின்ற இடத்திலேயே, நின்ற முதல் நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். வரிசை முக்கியம்.

வண்டியை ஓரம் கட்டியதும் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்க் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு இறங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. காத்திருந்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், அதனால்தான் அரை மணியில் கிளம்புகிறது. குண்டூசியால் துளையைத் திறந்துவிட்டால் போதும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால், சோதனைக்காகக் கார்பரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். இன்ஜின் கொதிக்கும் சூட்டில் இருக்கும், ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. நூல் அறுந்தது போல விட்டு விட்டு வந்தால் டேப் வடிகட்டியில் துரு.

பெட்ரோல் ஒழுங்காக வந்தால் உடனே கைப் பிளக்கை மாட்டிப் பொறி பாருங்கள். பொறி இல்லை, அல்லது மஞ்சளாக இருக்கிறது, பாயிண்ட் மூடியைத் திறந்து உதைத்தால் அங்கே நீலமாகப் பெரிய பொறி பறக்கிறது என்றால் கண்டன்சர். பாயிண்டில் பெரிய பொறி இல்லை, பிளக்கிலும் இல்லை என்றால் காயில் சூட்டில் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். கைக்குத் தாங்காத சூடாக இருந்தால் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் கழித்து உதையுங்கள். பொறி திரும்பி வந்தால் காயில்தான். கண்டன்சரைப் புதிதாக வாங்கினாலும் பழையதை எறியாதீர்கள். பெட்டியைப் பிரித்தபோதே கெட்டிருந்த புதுக் கண்டன்சர் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. பழையதை எறியாமல் வைத்திருந்ததால் வீடு வந்து சேர்ந்தேன்.

பொறியும் நன்றாக இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறதா? அப்போது டேப்பெட்.

சத்தம் போடும் டேப்பெட்டை விட்டுவையுங்கள்

டேப்பெட் சத்தம் பலருக்குப் பிடிப்பதில்லை. "டிக் டிக்னு கேக்குது, டைட் பண்ணிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. டேப்பெட் இறுகினால் வால்வு முழுசாக மூடாது. மூடினால்தான் வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கொடுத்துத் தணியும். மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டிலேயே கிடந்து ஓரம் கருகிப்போகும். முதலில் சூட்டில் மட்டும் கம்ப்ரஷன் குறையும், பிறகு எப்போதும் குறையும், பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்தில் பிஸ்டனை நிறுத்தி, வலது பக்க டேப்பெட் கவரைத் திறந்து, புஷ் ராடுகள் இரண்டையும் விரல்களால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு, ஃபீலர் கேஜ் வேண்டாம். சுற்றும்போது பிடிப்புத் தெரிந்தால் தளர்த்துங்கள். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி சுற்றிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகரும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். சத்தம் போடும் டேப்பெட் பல வருடம் ஓடும்.

டீகம்ப்ரஷர் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேபிள் இறுகியிருந்தால் அந்தச் சின்ன வால்வு முழுசாக அமராது, கம்ப்ரஷன் அந்த வழியாகப் போய்விடும். ரிங் போயிற்று, போர் போட வேண்டும் என்று சொல்லப்பட்ட வண்டி ஒன்று இந்தக் கேபிளைத் தளர்த்தியதும் சரியானதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்ரஷன் இல்லை என்றால் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு உதைத்துப் பாருங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு.

புகையைப் பொறுத்தவரை: நீலப் புகை ஆயில், கரும்புகை பெட்ரோல் அதிகம். பல நாள் நின்ற புல்லட் முதல் சில நிமிடம் நீலமாகப் புகைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிற்கும்போது ஆயில் தன் அறையிலிருந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும், ஓட ஓடப் பம்ப் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் நின்ற வண்டியில் டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு ஆயில் ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

கையை எப்போது எடுக்க வேண்டும்

கழற்றும் முன் ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையில் ஒரு தட்டில் வையுங்கள். ஒரு நட்டு வர மறுத்தால் துரு நீக்கும் எண்ணெய் தடவிவிட்டு அன்றைய வேலையை நிறுத்துங்கள். கோபம் வந்த நேரத்தில் மரை போன போல்ட்டுகளும் உடைந்த ஸ்டட்டுகளும் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. மறுநாள் காலை அதே நட்டு சாதாரணமாகச் சுற்றிக்கொண்டு வரும்.

அடியிலிருந்து கனமான தட்டும் சத்தம், முறுக்கும்போது அதிகமாகிற சத்தம், கனெக்டிங் ராடுடையது. அதைக் கேட்டதும் வண்டியை நிறுத்தி, ஆட்டோவில் ஏற்றி, லேத் வசதி உள்ள நல்ல பட்டறைக்குக் கொண்டு போங்கள். கிராங்க், போர், கியர்பாக்ஸ் மூன்றும் வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. பட்டறையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: ஸ்பேனரை எடுக்கும் முன் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள்.

பாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனாலும் புதுப்பேட்டை போனாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை, பல்லுக்குப் பல் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். மாற்றிய பாகம் உண்மையிலேயே கெட்டதா என்று உறுதியாகும் வரை பழையது வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த அத்தியாயம் கிளட்ச் பற்றியது. அதற்குப் போகும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டூல் பாக்ஸில் வையுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, காலையில் எத்தனையாவது உதையில் வண்டி கிளம்பியது என்று எழுதுங்கள்.